காத்துக்கு வாக்கப்பட்ட மருமவனுக்கு

மருமவனே,

இங்க எல்லாரும் சௌக்கியம், ஒன் அம்மையைத் தவிர. அவளுக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுக்குத்தான். போன வாரம் விடியக்காலம் தலையை அள்ளிக்கூட முடியாம ஓடி வந்தா. "அண்ணே, எம் மவன் ஆர்கன் வாங்கப் போறானாம், சொளையா ஆறு லட்சமாம்"னு நடுவாசல்ல உக்காந்து ஒரே அழுகை. ஜெர்மனிக்குப் போன பையனுக்குக் கிட்னி போயிருச்சுன்னு தெருவே கூடிருச்சு. ரெண்டு பேரு ரத்தம் குடுக்கக் கையை மடக்கிக்கிட்டு நின்னாங்க. எம் பேத்திதான் போனைத் தட்டிப் பாத்துட்டு, "தாத்தா, இது வாசிக்கிற ஆர்கன்"னா. ஒன் அம்மை கண்ணைத் தொடச்சிட்டு எந்திரிச்சா. "கிட்னின்னா அதுல ஒரு நியாயமாவது இருக்கும்"னுட்டுப் போயிட்டா.

அந்தக் கண்ணீர் காயுமுன்ன மறுபடி வந்தா. "ஞாயித்துக்கெழமை தவறாம சர்ச்சுக்குப் போறானாமே, வேதத்துல சேந்துட்டானா?" நான் சொன்னேன், "அவன் அங்க சாமி பாக்கப் போகல தாயி, குழாய் பாக்கப் போறான்." "குழாயா? தண்ணி வருமா?" "காத்து வரும்." "காத்து வாங்கவா ஹாம்பர்க் போனான்? அது நம்ம களத்துமேட்டுல ஓசியில அடிக்குதே!" இதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல. நீ வரும்போது சொல்லிக்கோ.

நான் சொல்லச் சொல்ல பேத்திதான் எழுதுதா. எழுத்துல தப்பு இருந்தா அவளைக் கேளு. கருத்துல தப்பு இருந்தாலும் அவளையே கேளு. நீ அனுப்புற வீடியோவெல்லாம் ஓட்டிக் காட்டி, பாஷை சொல்லி, என்னைக் கெடுத்து வச்சிருக்கிறது அவதான்.

நீ போயி அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிற அந்த யாக்கோபு கோயில் ஆர்கன் கதை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆர்ப் ஷ்னிட்கர்ங்கிற ஆசாரி 1693-ல முடிச்சது. 60 ஸ்டாப்பு, ஏறக்குறைய 4,000 குழாய். ஸ்டாப்புன்னா நிறுத்துறதாக்கும்னு நெனச்சேன். அதை இழுத்தாத்தான் அந்த வரிசைக் குழாய் வாயைத் தெறக்கும்னு பேத்தி சொன்னா. பேசு பேசுன்னு சொல்லுறதுக்கு நிறுத்துன்னு பேரு வச்சிருக்கான் வெள்ளைக்காரன். சரி, அவன் பாடு. 1917-ல சண்டைக்கு உலோகம் பத்தலன்னு முகப்புல நின்ன வெள்ளீயக் குழாயை எல்லாம் கழட்டிட்டுப் போயி உருக்கிட்டாங்களாம். அடுத்த சண்டையில சனம் உசாராயிட்டு. குழாயை முன்கூட்டியே எடுத்துப் பதுக்கி வச்சாங்க. 1944-ல கோயில் மேல குண்டு விழுந்துது, குழாய் பொழச்சுக்கிட்டுது. பஞ்சத்துல வீட்டை வித்தாலும் வெத நெல்லை விக்காத சனம் போலிருக்கு, எனக்குப் புடிச்சுப் போச்சு.

ஆனா அந்தக் கோயில் எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆனது இன்னொரு கதையில. 1720-ல அங்க ஆர்கன் வாசிக்கிற வேலை காலியாச்சு. நீ படம் மாட்டி வச்சிருக்கியே, செபாஸ்டியன் பாக், அந்த மனுசனே மனுப் போட்டாரு. வேலை யாருக்குப் போச்சு? ஹைட்மன்னு ஒருத்தருக்கு. அவரு கோயில் கணக்குல 4,000 மார்க் கட்டினாரு. அந்தக் கோயில் போதகர் நாய்மைஸ்டருக்குப் பொறுக்கல. பெத்லகேம்லருந்து ஒரு தேவதூதனே எறங்கி வந்து வாசிச்சாலும் மடியில காசு இல்லன்னா வந்த வழியே பறக்க வேண்டியதுதான்ங்கிற மாதிரி பிரசங்கத்துலயே போட்டுத் தாக்கிட்டாராம். இதைக் கேட்டப்போ என் பக்கத்துல வாத்தியார் வேலைக்கு நாலு வருசமா அலையுற தங்கராசு மவன் உக்காந்திருந்தான். "பாக்குக்கே இந்தக் கதியா?"ன்னான். ஒரே நாள்ல அவனுக்கு மேல்நாட்டு சங்கீதத்து மேல மரியாதை வந்துட்டு.

அதே பாக்கு, 20 வயசுல, 1705-ல, லூபெக்ல பக்ஸ்டஹூட வாசிக்கிறதைக் கேக்கணும்னு நாலு வாரம் லீவு போட்டுட்டு, 400 கிலோமீட்டருக்கு மேல நடந்தே போயிருக்கான். திரும்பி வந்தது ஏறக்குறைய நாலு மாசம் கழிச்சு. வேலை குடுத்தவங்க கூப்ட்டு வச்சு, இது என்ன நியாயம்னு கேட்டிருக்காங்க. இதை ஏன் சொல்லுதேன்னா, நீயும் மாசத்துக்கு ரெண்டு வெள்ளிக்கெழமை காய்ச்சல்னு சொல்லிட்டு ரயிலேறிக் குழாய் பாக்கப் போறதா கேள்வி. பாக்குக்கு அப்ப வீட்டுக் கடன் கிடையாது. ஒனக்கு இருக்கு.

சரி, விசயத்துக்கு வாரேன். நீ கேட்டது இதுதான்: குழாய் ஆர்கனா, கரண்டு ஆர்கனா, எது ஒசத்தி? ஒன் கூட்டாளிக ரெண்டா பிரிஞ்சு வெட்டுக்குத்து நடக்காத குறையா நிக்காங்கன்னும், "மாமா, நீங்க துருத்தி ஊதினவுக, நீங்க தீர்ப்புச் சொல்லுங்க"ன்னும் கேட்டே. நக்கலுக்குத்தான் கேட்டேன்னு எனக்குத் தெரியும். நானும் அப்பிடியேதான் சொல்லப் போறேன்.

எனக்கு ஏழு வயசுல எங்க தாத்தா பட்டறையில துருத்திக் கயித்தை எங்கையில குடுத்தாரு. ஆட்டுத்தோல் துருத்தி. இழுத்தா காத்து குடிக்கும், விட்டா உலையில துப்பும். விடிஞ்சதுலருந்து இழுப்பேன். சாயங்காலம் சம்சாரிக வந்து அருவாளை வெரல்ல தடவிப் பாத்து, "என்னா அடி அடிச்சிருக்கீரு ஆசாரி"ம்பாங்க. தாத்தா மீசையைத் தடவுவாரு. என்னை ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டான். ஒரு நாள் உச்சி வெயில்ல கோவத்துல கயித்தை விட்டுட்டுப் பம்பரம் விளையாடப் போயிட்டேன். உலை ஆறி, கொழு பாதியில நின்னுபோச்சு. அன்னைக்கு வாங்கின அடி இருக்கே, அதுல ரெண்டு அருவா அடிச்சிருக்கலாம்.

அதனால எனக்கு ஆர்கன்னு சொன்னதும் முன்னால உக்காந்து வாசிக்கிறவன் ஞாபகம் வரல. பின்னால நின்னு மிதிக்கிறவன்தான் வந்தான். ஒங்க ஊர்லயும் அப்பிடி ஆளு உண்டாம், பேரு கல்கண்ட். கல்கண்டு மாதிரி இனிக்குது பேரு, வேலை மட்டும் கசப்பு. ஆளு ஒசர மரக்கட்டை மேல ஏறி நின்னு மிதிக்கணும், துருத்தி காத்து வாங்கும். முன்னால இருக்கிறவன் ஒரு கட்டையை இழுத்தா பின்னால மணி அடிக்கும். ஏலே, மிதிக்க ஆரம்பின்னு அர்த்தம். பாக்கு ஒரு புது ஆர்கனைச் சோதிக்க உக்காந்தா மொதல்ல எல்லா ஸ்டாப்பையும் ஒண்ணா இழுத்து வச்சு முழுச் சத்தமா வாசிப்பாராம். இதுக்கு நுரையீரல் நல்லா இருக்கான்னு பாக்கணும்பாராம். சோதனை ஆர்கனுக்குன்னு எழுதி வச்சிருக்காங்க. பின்னால மிதிச்சவனுக்கு நாக்கு வெளிய தள்ளினதை எந்தப் புண்ணியவானும் எழுதல.

இந்தக் காத்தைக் கட்டி மேய்க்கத் தெரிஞ்ச மொத ஆளு, கிறிஸ்துவுக்கு முந்தி மூணாம் நூத்தாண்டுல அலெக்சாண்ட்ரியாவுல இருந்த டெசிபியஸ். நாவிதர் மவன். துருத்தியில காத்து விட்டு விட்டு வரும், பாட்டு இளைக்கும் இல்லையா? அவன் தண்ணியோட பாரத்தை வச்சு அமுக்கி, காத்தை ஒரே சீரா வர வச்சான். நான் நாப்பது வருசம் பட்டறையில இருந்தும் எனக்குத் தோணாதது அது. அப்புறம் அந்த வாத்தியம் ரோமுல எங்க போச்சு தெரியுமா? ஆளும் ஆளும் வெட்டிக்கிற களத்துக்கு. அங்க ரத்தம் சிந்தும்போது பின்பாட்டுப் பாடினது இதுதான். கோயிலுக்குள்ள வந்ததெல்லாம் பல நூறு வருசம் கழிச்சு. "இது தெய்வீக வாத்தியம் மாமா, கரண்டுப் பெட்டியை அதுகூட வைக்கலாமா"ன்னு நீ அடுத்த தடவை உருகும்போது, அதோட பழைய சகவாசத்தையும் கொஞ்சம் நெனச்சுக்கோ.

இன்னொண்ணு கேக்கேன். ஒங்க கோயில் ஆர்கனுக்கு இப்ப யாரு மிதிக்கா? யாரும் இல்ல. மோட்டார்தான். நூறு வருசத்துக்கு மேலாச்சு, கல்கண்டை எல்லாம் வீட்டுக்கு அனுப்பி. ஒன் கூட்டாளிகள்ல கரண்டுன்னாலே மூக்கைச் சுளிக்கிறானே ஒருத்தன், அவனைப் பிளக்கைப் புடுங்கிட்டு வாசிக்கச் சொல்லு. 4,000 குழாயும் கரண்டுப் பெட்டியும் அன்னைக்கு ஒரே மாதிரி ஊமையா நிக்கும், நம்ம ஊர் பம்புசெட்டு மாதிரி.

அடுத்து, போலி போலின்னு ஒரு சொல்லு. கரண்டு ஆர்கன் போலி, குழாய்தான் அசல்னு. நான் பேத்தியை விட்டு அந்த ஸ்டாப்புக் கட்டைகள்ல எழுதியிருக்கிற பேரை வாசிக்கச் சொன்னேன். ஒண்ணு புல்லாங்குழலாம். ஒண்ணு ட்ரம்பெட்டாம். ஒண்ணு வயோலா ட காம்பாவாம், வில்லு போட்டு இழுக்கிற நரம்பு வாத்தியம். ஒண்ணு வாக்ஸ் ஹுமானா, அதாவது மனுசக் குரல். அதைக் கேட்டேன். மனுசன்தான், ஆனா சளி புடிச்ச மனுசன். சில ஆர்கன்ல குட்டிக் குழாய் ரெண்டைத் தண்ணியில கவுத்து வச்சு, குயிலு மாதிரி குளுகுளுன்னு கூவ விடுதாங்க. ஊமைப்படக் காலத்துக் கொட்டகை ஆர்கன்ல குதிரைக் குளம்புச் சத்தமும் மணிச் சத்தமும்கூட உண்டாம். ஏலே, ஊர்ல உள்ள வாத்தியம் அத்தனையும் காப்பியடிச்சு, மனுசனையும் பறவையையும் விடாம காப்பியடிச்சு வளந்த ஒண்ணு, தன்னை ஒருத்தன் காப்பியடிச்சதும் பஞ்சாயத்தைக் கூட்டுதுன்னா அதுக்கு என்ன சொல்லுவே? நம்ம ஊர்ல இதுக்கு ஒரு சொல்லு இருக்கு. பேத்தி எழுத மாட்டேங்கா.

பஞ்சாயத்தே நடந்துச்சுன்னு நீதான் சொன்னே. அந்தக் கதையை நான் இதுவரைக்கும் டீக்கடையில நாலு தடவை சொல்லிட்டேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேறுது. லாரன்ஸ் ஹேமண்டுன்னு அமெரிக்காவுல ஒரு கடியார முதலாளி. வாசிக்கத் தெரியாத மனுசன். கடியாரம் ஓடுற மோட்டாரை வச்சு, பல்லுப் பல்லா வெட்டின இரும்புச் சக்கரத்தைக் காந்தத்துக்கு முன்னால சுத்த விட்டான். பல்லு காந்தத்தைத் தாண்டத் தாண்ட ஒரு துடிப்பு, துடிப்பு நெருங்கினா சுரம். மொத்தம் 91 சக்கரம். 1935-ல சந்தைக்கு வந்துட்டு. கடியாரம் செய்யுறவன் மணி பாக்கச் சொல்லாம பாட்டுப் பாடச் சொன்னான் பாரு, அந்தக் குறும்பு எனக்குப் புடிச்சுது. இதுல பெரிய கூத்து என்னன்னா, அந்தப் பெட்டியில இழுவைக் கட்டை வரிசைக்கு ஒம்பது இருக்கு, ஒவ்வொண்ணுலயும் 16 அடி, 8 அடி, 4 அடின்னு எழுதி வச்சிருக்கான். குழாயோட நீளமாம். பெட்டிக்குள்ள ஒரு குழாய் கிடையாது, பேனா மூடி நீளத்துக்குக்கூடக் கிடையாது! செத்துப்போன தாத்தா பேர்ல ரேசன் அரிசி வாங்குற மாதிரி.

வெலையும் குழாய் ஆர்கனைவிட ரொம்பக் கொறைச்சல். குழாய்க்காரங்களுக்கு வயிறு எரிஞ்சுது. வெளம்பரத்துல இவன் கொஞ்சம் கூடுதலாத்தான் அளந்துட்டான். எந்த நாதம் வேணும்னாலும் வரும், பெரிய ஆர்கனுக்குச் சமானம்னு. அரசாங்க வாணிப ஆணையத்துல வழக்கு வந்துது. 1937-ல சிகாகோ பல்கலைக்கழகத்து ராக்கஃபெல்லர் கோயில்ல ஒரு சோதனை. அங்க ஏற்கெனவே 75,000 டாலர் ஸ்கின்னர் குழாய் ஆர்கன் நின்னுது. ஹேமண்டு ஆளுக இவங்க பெட்டியோட ஒலிபெருக்கியைக் கண்ணுக்குத் தெரியாம வச்சுட்டாங்க. தேர்ந்த சங்கீதக்காரங்களையும் மாணவர்களையும் உக்கார வச்சு, மாத்தி மாத்தி வாசிச்சு, இப்ப கேட்டது எதுன்னு எழுதச் சொன்னாங்க. சங்கீதக்காரங்களே மூணுல ஒரு பங்கு கோட்டை விட்டாங்க. மாணவர்களுக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதுக்குக் காசைச் சுண்டிப் போட்டுருக்கலாம்.

நான் இந்த எடத்துல நிறுத்தி டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சுவேன். கடையில எல்லாரும் "அப்ப ஹேமண்டு ஜெயிச்சிட்டான்"ம்பாங்க. இல்லவே. 1938-ல ஆணையம், நீ அளந்தது கூடுதல், வரம்பில்லாத நாதம்னெல்லாம் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு போட்டுது. தோத்தவன் என்ன ஆனான்? நாடெல்லாம் பேசுற ஆளாயிட்டான். ஒரு காசு செலவில்லாம ஒனக்கு எதிராளியே தண்டோரா போட்டா கசக்குமா?

இனிமேதான் எனக்கு இந்தக் கதையில ருசி. ஹேமண்டு பெட்டியில ஒரு பழுது. கட்டையை அமுக்கும்போது டிக்குனு ஒரு சத்தம் வரும். அவன் அதைப் போக்கப் படாத பாடு பட்டான். ஆனா குழாய் ஆர்கனுக்கு வசதி இல்லாத கறுப்பின சனங்களோட கோயில்கள்ல இந்தப் பெட்டி ஏறிச்சு. ஜாஸ் வாசிக்கிறவங்க கையிலயும் சிக்கிச்சு. அவங்களுக்கு அந்த டிக்குதான் உசிரு. இன்னொருத்தன், டான் லெஸ்லி, ஒலிபெருக்கியைச் சுத்த விட்டு நாதத்தை அலைய வச்சான். ஹேமண்டுக்கு அது பிடிக்கவே இல்ல, சேத்துக்க மாட்டேன்னுட்டான். வாங்கினவன் எல்லாம் ரெண்டையும் சேத்தேதான் வாங்கினான். செஞ்சவனுக்கு எது குறையோ அது வாங்கினவனுக்கு நிறை. இப்ப ஏறக்குறைய 190 கிலோ பெட்டியைச் சொமக்க ஆளில்லன்னு, கக்கத்துல இடுக்கிட்டுப் போற கீபோர்டுல அதே நாதத்தைக் கம்ப்யூட்டர் வச்சு வர வைக்காங்க. அதுல அந்த டிக்குச் சத்தம் எம்புட்டு வேணும்னு கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி உண்டாமே! போலிக்கு ஒரு போலி செஞ்சு, போலியோட பழுதுக்குத் தனியா ஒரு குமிழ். ஹேமண்டு கேட்டிருந்தா அழுதிருப்பான், இல்ல காசு கேட்டிருப்பான்.

நீ வாங்கப் போறேன்னு சொன்ன சமாச்சாரமும் இதே ரகம்தான். ஹாப்ட்வெர்க்குன்னு ஒரு மென்பொருள். எங்கயோ உள்ள பழைய கோயில் ஆர்கனோட ஒவ்வொரு குழாயையும் தனித்தனியா ஊத விட்டு, கோயில் எதிரொலியோட பதிவு பண்ணி வச்சிருக்கான். நீ ஒன் வீட்டு மூலையில மூணு அடுக்குக் கட்டை வச்சுக்கிட்டு, காதுல மாட்டிக்கிட்டா, முந்நூறு வருசத்துக் கோயிலுக்குள்ள உக்காந்திருக்கலாம். நல்லதுதான். ஆனா அதுல துருத்தி மூச்சு விடுற சத்தம், மரச் சட்டம் தட்டுற சத்தம் எல்லாம்கூட வருதுன்னு ஒரு மணி நேரம் பெருமை பேசுனியே, அப்பத்தான் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அந்தச் சத்தம் வரக் கூடாதுன்னுதான்டே அந்தக் காலத்து ஆசாரி தோலும் கம்பளியும் வச்சு அடைச்சு அடைச்சு மாண்டான்! அவன் மறைச்சதை நீ காசு குடுத்து வாங்குறே. ஒன் ஆச்சி சோத்துல கல்லு கெடந்தா தாத்தா வட்டிலைத் தூக்கி எறிவாரு. அதே சோத்தை நீ டவுன்ல கிராமத்துச் சாப்பாடுன்னு போர்டு வச்ச கடையில தின்னா, கல்லும் ஒண்ணு ரெண்டு இருந்தாத்தான் அசல்ம்பே போலிருக்கு.

அதுக்காகக் குழாய்க் கட்சிக்காரன் யோக்கியன்னு நான் சொல்லல. அவன் பைத்தியம் வேற ரகம். அட்லாண்டிக் சிட்டியில, கடற்கரைப் பக்கத்து மண்டபத்துல, 1929-லருந்து 1932 வரைக்கும் ஒரு ஆர்கன் கட்டினாங்க. 33,000-க்கு மேல குழாய். கைக்கட்டை மட்டும் ஏழு அடுக்கு. தசரதன் புள்ளைக நாலு பேரும் சேந்து உக்காந்தாலும் கை எட்டாது. அதுல ஒரு குழாய் வரிசை 64 அடியில தொடங்குது. நல்லா வளந்த பனை ஒசரம்! சரி, அம்புட்டுப் பெரிய குழாய் என்ன சுரம் குடுக்கும்? நொடிக்கு எட்டுத் துடிப்பு. மனுசக் காது கேக்க ஏறக்குறைய இருபதாவது வேணும்னு பேத்தி பாடப் புத்தகத்துல இருக்கு. அதாவது, காதுக்குக் கேக்காத சுரத்துக்குப் பனை ஒசரக் குழாய். கேட்டா, "மாமா, அதைக் கேக்கக் கூடாது, நெஞ்சுல உணரணும்"ங்கே. நம்ம மூணாம் வீட்டுக் கருப்பசாமி டிராக்டர் எடுக்கும்போது எனக்கும் நெஞ்சுல உணருது. அதுக்கு எவனும் டிக்கெட் போடல.

பாவம், 1944-ல புயலடிச்சு அந்த ராட்சசனுக்குத் தண்ணி புகுந்துட்டு. பொறவு ரொம்பக் காலம் பெரும்பங்கு ஊமையாக் கெடந்து, இப்பத்தான் கொஞ்சங் கொஞ்சமா வாயைத் தெறந்துக்கிட்டு வருது. பெருசா கட்டுறவன் எல்லாருக்கும் இதே பாடுதான். அதைவிட எனக்கு மணிலா பக்கத்துல லாஸ் பின்யாஸ்ல உள்ள மூங்கில் ஆர்கன் தேவலை. தியேகோ செராங்கிற சாமியாரு 1816-ல தொடங்கி 1824-ல முடிச்சாரு. 1,031 குழாய்ல 902 மூங்கில். ஈயம் வாங்கக் காசில்லாட்டி என்ன, வேலியில வெளையுதேன்னு வெட்டிட்டாரு. பூச்சி அரிக்காம இருக்க மூங்கிலைக் கடற்கரை மணல்ல பொதச்சு வச்சாராம். நாமளும் வீடு மேயுற மூங்கிலைக் கொளத்துல ஊறப்போட்டுத்தானே எடுக்கோம். சூத்திரம் தெரிஞ்ச ஆளு. அவரு இங்க பொறந்திருந்தா எங்க பட்டறைக்கு நல்ல கைத்துணையா இருந்திருப்பாரு.

இவங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிடுறது ஒண்ணு இருக்கு. ஹால்பர்ஸ்டாட். ஒங்க ஊர்லருந்து ரயில்ல போயிட்டு வந்து ராத்திரி போன் பண்ணி அழுதியே, அது. ஜான் கேஜுன்னு ஒருத்தர் ஒரு பாட்டு எழுதிட்டு, எம்புட்டு மெதுவா முடியுமோ அம்புட்டு மெதுவா வாசின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எம்புட்டு மெதுவான்னு அவரு சொல்லல. இவங்க கணக்குப் போட்டாங்க: அந்த ஊர்ல 1361-ல ஒரு ஆர்கன் கட்டினான், 2000 வரைக்கும் 639 வருசம், அப்ப இதையும் 639 வருசம் வாசிப்போம். 2001 செப்டம்பர் 5-ல தொடங்கிட்டாங்க. 2640-ல முடியும். தொடக்கமே பாட்டுல ஒரு இடைவெளி, அதனால மொத 17 மாசம் துருத்திச் சத்தம் மட்டும்தான். மொதல் சுரம் 2003 பிப்ரவரி 5-ல. கட்டையை அமுக்கிக்கிட்டு யாரு உக்காந்திருக்கா? யாரும் இல்ல, மணல் மூட்டை! 2024 பிப்ரவரி 5-ல இன்னொரு குழாயைக் கூட்டி வச்சு சுரத்தை மாத்தினாங்க, அதைக் கேக்கச் சனம் தூர தேசத்துலருந்தெல்லாம் வந்து கூடியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தூக்கம் போகக் கூடாதுன்னு ஆர்கனைக் கண்ணாடி மாதிரி ஒரு பெட்டி போட்டு மூடியிருக்காங்களாம்.

இதைக் கேட்டு மொதல்ல சிரிச்சேன். அப்புறம் ரெண்டு நாள் யோசிச்சேன். எங்க பட்டறைக்குக் கொழு அடிக்கக் குடுத்துட்டு "எப்ப தருவே"ன்னு கேட்டவங்கிட்ட எல்லாம் "இந்தா, நாளைக்கு"ன்னு சொல்லியே நாப்பது வருசம் ஓட்டியிருக்கேன். அதை ஒரு கலைன்னு எனக்குச் சொல்லத் தெரியாமப் போச்சு. ஆனா மருமவனே, அங்கயும் பாரு: மிதிக்க ஆளில்ல, மோட்டாரு. வாசிக்க ஆளில்ல, மணலு. கேக்க வந்தவன் மட்டும் மனுசன்.

சரி, தீர்ப்பு கேட்டே, சொல்லுதேன். ஊதுற சங்கை ஊதி வைக்கேன்.

குழாய் வச்சுக் கட்டணும்னு ஆசைப்படாதே. ஒன் வீடு மூணாவது மாடி. குளிர்ல சுதி எறங்கும், வெயில்ல ஏறும், சுதி சேக்க வாரவனுக்கு ஒன் சம்பளத்துல பாதி. கரண்டுப் பெட்டியே வாங்கு. ஆனா அதுக்குள்ள கோயிலு இருக்குன்னு நம்பிக்கிட்டு வாங்காதே. கால்கட்டைக்குன்னு அடித்தோல் மெலிசான தனிச் செருப்பு வாங்கியிருக்கே, ஆர்கன் இன்னும் வாங்கலன்னு ஒன் அம்மை சொன்னா. அது பரவாயில்ல; எருமை வாங்குமுன்ன மோருக்குச் சண்டை போட்ட வம்சம்தான் நம்ம வம்சம். காதுல மாட்டிக்கிட்டா சத்தம் வெளிய போகாதுன்னு சொல்லுதே, கால்கட்டையை மிதிக்கிற தொம்மு தொம்மு கீழ்வீட்டுக்காரன் தலையில எறங்குமே, அவனுக்கு என்ன மாட்டி விடப் போறே? அடியில கனமா ஜமுக்காளம் விரி. அவன் பொறந்தநாளைக்கு மறக்காம ஒரு கேக்கு.

ஒனக்குப் பொண்ணு பாக்காங்க. தென்காசிப் பக்கம் ஒரு எடம் வந்திருக்கு. பையன் சிகரெட் குடிப்பானா, தண்ணி அடிப்பானான்னு கேட்டாங்க. "அதெல்லாம் இல்ல, ஒரே பழக்கம், ரெண்டு கையும் ரெண்டு காலும் சும்மா இருக்காது"ன்னு சொல்லி வச்சிருக்கேன். அவங்க யோசிச்சுச் சொல்லுதோம்னு போயிருக்காங்க. பொண்ணு வந்து பெட்டியைப் பாத்தா அதை எங்க வைக்கிறதுன்னு கேப்பா, அவ எங்க இருக்கிறதுன்னும் கேப்பா. ரெண்டுக்கும் ஒரே பதிலா வச்சிராதே.

இம்புட்டு வக்கணையா பேசுற மாமாவுக்கு இதெல்லாம் எதுக்கு ஞாபகம் இருக்குன்னு நீ யோசிப்பே. யோசிக்க வேண்டாம், நானே சொல்லிருதேன். மேற்க ஒரு ஊர் சபைக் கோயில்ல காசியோ கீபோர்டு வந்த பொறவு, பழைய கால்மிதி ஆர்மோனியப் பெட்டியை விறகுப் பக்கத்துல போட்டு வச்சிருந்தாங்க. எலி துருத்தியைத் தின்னுட்டு, கரையான் ஒரு காலைத் தின்னுட்டு. பெட்டிக்குள்ள பித்தளை நாக்கு மட்டும் அப்பிடியே பளபளன்னு இருந்துது. கேட்டேன், தூக்கிட்டுப் போங்கன்னாங்க. அத்தை கண்ணுல படாம தொழுவத்துல வச்சிருக்கேன். கிழிஞ்ச ஆட்டுத்தோலை வச்சு ஒட்டுப் போட்டதுல மூச்சு வந்துட்டு. சாயங்காலம் பேத்தி விரலை வைப்பா, நான் மிதிப்பேன். 70 வருசத்துக்கு முந்தி விட்டுட்டுப் போன கயிறு இப்ப காலுக்கு வந்திருக்கு. மொத நாள் பசு பால் எறக்கல. இப்ப பழகிட்டுது.

ஒட்டுத்தோல் அங்கங்க கசியுது. ஒங்க ஊர் ஆர்கன் ஆசாரிமாரு துருத்திக்குப் போடுற மெத்துன்னு இருக்கிற செம்மறித் தோலு ரெண்டு முழம் வேணும். இங்கயும் தோலு கெடைக்கும், இருந்தாலும் அதுவே வேணும். நாக்குல, எடதுபக்கம் மூணாவது ஒண்ணு மட்டும் இழுப்பு வந்த கிழவன் மாதிரி கொர்ருங்குது. பேத்தி மாத்திரலாம்ங்கா. அதை மட்டும் நான் தொட விடல.

வரும்போது தோலைச் சாக்லேட்டுக்கு அடியில வச்சுக் கொண்டா. அத்தை மேல இருக்கிறதைத்தான் எடுப்பா.